எண்ணெய் நம் காசு, பாய்லர் அவர் இஷ்டம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பனி அழகை எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். எண்ணெய்க் கணக்கு எழுதப் போகிறேன்.

அங்கே வடகிழக்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான வீடுகளை இன்னும் எண்ணெய்தான் சூடாக்குகிறது. ஏறக்குறைய நம்ம ஊர் டீசல் மாதிரிதான். சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். லாரியில் வந்து வீட்டுத் தொட்டியில் நிரப்பிவிட்டுப் போவார்கள். பாய்லர் அதை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். அந்தச் சுடுதண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகும்.

மகள் இருப்பது வாடகை வீடு. பாய்லர் வீட்டுக்காரருடையது. எண்ணெய்ச் செலவு இவர்களுடையது. கோளாறு முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

பழைய பாய்லர் அது. சர்வீஸ் செய்தவர் தொங்கவிட்டுப் போன அட்டையில் திறன் 70 சதவீதம் என்று எழுதியிருந்தது. அதாவது 100 டாலருக்கு எண்ணெய் எரித்தால் 30 டாலர் வீணாகப் போகிறது, பெரும்பகுதி புகைபோக்கி வழியாக. 2021-லிருந்து தயாராகும் சுடுநீர் எண்ணெய் பாய்லர்கள் குறைந்தது 86 சதவீதம் தரவேண்டும் என்பது அந்நாட்டு அரசின் விதி.

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். அந்தக் குளிர்காலத்துக்கு இவர்கள் வாங்கியது 600 கேலன். அதில் வீட்டுக்குச் சூடாக வந்தது 420 கேலன் அளவு. அதே சூட்டை 86 சதவீத பாய்லர் 490 கேலனுக்குள் கொடுத்திருக்கும். மிச்சம் 110 கேலன். கேலன் 4 டாலர் என்று கொடுத்தார்கள். 440 டாலர், ஒரே குளிர்காலத்தில்!

மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் பணிவாகக் கேட்டார். "ஓடுகிற பாய்லரை எதற்கு மாற்றவேண்டும்? வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. போட்டுக்கொண்டோம். ராத்திரியில் 62 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை. நம் கணக்கில் 17-க்கும் கீழே. என் பேத்தி போர்வைக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

"பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டியதுதானே" என்கிறார்கள். பார்க்கலாம். அந்த வீட்டு பாய்லர் எப்படிப்பட்டது என்று யார் சொல்வார்கள்? வாடகையைச் சொல்கிறவர் எண்ணெய்ச் செலவைச் சொல்வதில்லையே. "புது பாய்லர் வைத்தால் வாடகை ஏறும்" என்பது அடுத்த வாதம். ஏறட்டும். வாடகை கண்ணுக்குத் தெரிகிற செலவு, பேரம் பேசலாம். புகைபோக்கியில் போகிற காசோடு யார் பேரம் பேசுவது?

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன் போன குளிர்காலத்தின் எண்ணெய் ரசீதையும் பாய்லர் அட்டையையும் காட்டவேண்டும். வடக்கே மெய்ன் மாநிலத்தில், வீட்டின் எரிசக்தித் திறனைக் குடிவருபவருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சட்டமே இருக்கிறது. அங்கே முடிவது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

தேர்வு எழுதிய பிள்ளையிடம் மதிப்பெண்ணை மறைக்கும் ஆசிரியரை நாம் மன்னிப்போமா?

அங்கே பிள்ளைகள் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தால் இதை அனுப்பி வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் ரசீதைக் கேட்கச் சொல்லுங்கள்.