வால்வின் மேல் பழி

இங்கிலாந்தில் 1953-இல் வெளிவந்த ‘குவாட் 2’ ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் என்ற பெயரில் கொலை செய்கிறார்கள். அதிலுள்ள கே.டி.66 வால்வின் தகடு சிவந்தால் உடனே புது வால்வு! அதுவும் சிவக்கிறது. “பழைய சரக்கு” என்று தீர்ப்பாகிறது.

குற்றவாளி வால்வா? அதற்கு முன்னால் நிற்கும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் கசிந்தால், வரக்கூடாத டி.சி. வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்துவிடும். வால்வு அளவு மீறிக் கரண்டை இழுக்கும். மீட்டரை வைத்தால் தெரிந்துபோகும். வைப்பதில்லை.

இன்னொரு கூட்டம் நல்லது கெட்டது பாராமல் எல்லாவற்றையும் பிடுங்கி எறிகிறது. இதற்குச் சுறுசுறுப்பு என்று பெயர்; நான் சோம்பல் என்பேன்.

கே.டி.66 வால்வை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். கேத்தோடுக்கென்றே தனிச் சுற்று வைத்த அந்த அசல் டிரான்ஸ்ஃபார்மர் கருகினால் என்ன செய்வீர்கள்? அளந்து பாராதவன் ரிப்பேர்க்காரன் அல்ல, ஐயா. அவன் வெறும் வால்வு வியாபாரி.