கணினி குலுக்கும் குடம்

"கணினியே தெரிவுசெய்தது" என்று சொல்லிவிட்டால் நம்மவர் வாயடைத்துப் போகிறார்கள். லொத்தர் சீட்டிழுப்பானாலும் வீட்டு ஒதுக்கீடானாலும் மனிதக் கை படவில்லை, ஆகவே பாரபட்சம் இல்லை என்பது வாதம். இந்த வாதம் அடியோடு தவறானது. கணினிக்குச் சீட்டுக் குலுக்கத் தெரியாது. கணக்குப் போடத்தான் தெரியும்.

ஐயம் உள்ளவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துப் பார்க்கலாம். 7 இல் தொடங்குங்கள். அதை 5 ஆல் பெருக்கி, 3 ஐக் கூட்டி, 16 ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 6 வரும். அந்த 6 க்கும் இதையே செய்தால் 1. தொடர்ந்து 8, 11, 10, 5, 12. பார்வைக்கு ஒழுங்கற்ற வரிசைதான். ஆனால் ஒற்றையும் இரட்டையும் மாறிமாறியே வருகின்றன; பதினாறாம் படியில் மீண்டும் 7 தோன்றி, பழைய பல்லவியே திரும்புகிறது. இவையே போலி எழுமாற்று எண்கள். தொடக்க எண்ணை "விதை" என்பார்கள். விதையையும் விதியையும் அறிந்தவனுக்கு விளைச்சல் முழுவதும் முன்பே தெரியும்.

எண்களைப் பெரிதாக்கினால் குறை தீர்ந்துவிடுமா? 1960களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட "ரண்டு" என்ற முறை 65539 ஆல் பெருக்கியது. அதன் எண்களை மும்மூன்றாக எடுத்து ஒரு கனசதுரத்தினுள் புள்ளிகளாகக் குறித்தால், அவை எங்கும் பரவாமல் வெறும் 15 தளங்களில் அடுக்கடுக்காகப் படிந்தன. இவ்வகை முறைகள் அனைத்துக்கும் இத்தகைய அடுக்குக் குறை உண்டென 1968 இல் ஜோர்ஜ் மார்சக்லியா நிறுவினார்.

இது கணிதவியலாளரின் கவலை மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களுக்கான லொத்தர் சங்கத்தில் கணினிப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் எடி டிப்டன். எண்களைத் தெரியும் மென்பொருளை எழுதியவரும் அவரே. ஆண்டில் மூன்று குறிப்பிட்ட நாள்களில், அந்நாள் புதனாகவோ சனியாகவோ அமைந்து, இரவு 8 மணியும் கடந்துவிட்டால், தாம் கணிக்கக்கூடிய எண்களே பிறக்குமாறு சில வரிகளை அதனுள் செருகிவைத்தார். ஏனைய நாள்களில் இயந்திரம் யோக்கியமாக நடந்துகொண்டது, பரிசோதனைகளிலும் தேறியது. 2005 முதல் 2011 வரை ஐந்து மாநிலங்களில் மோசடி நடந்தது. அவரைக் காட்டிக்கொடுத்தது எந்தத் தணிக்கையும் அல்ல. 2010 இல் அயோவாவில் அவர் சீட்டு வாங்கிய கடையின் கமரா. 2017 இல் அவருக்கு 25 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அப்படியானால் கணினியைத் தூக்கி எறிவதா? வேண்டாம். அதே விதை அதே எண்களைத் தரும் என்ற அந்தக் குறையையே காவலாக்கலாம். விண்ணப்பதாரர் பட்டியலை முதலில் வெளியிட்டுப் பூட்டுங்கள். மென்பொருளை யாவரும் படிக்க விடுங்கள். பின்னர் மக்கள் முன்னிலையில் தாயக்கட்டை உருட்டி விதையை முடிவுசெய்யுங்கள். முடிவைச் சந்தேகிக்கும் எவரும் தமது வீட்டுக் கணினியிலேயே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். இதற்கு மறுக்கும் அதிகாரி எதை மறைக்கிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கிறது. குடத்தைச் சபையோர் அனைவரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். ஒன்றுமறியாச் சிறுவனே ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். சோழர் காலத்துச் சபையோர் மனிதரின் கையை நம்பவில்லை. அதை விரித்துக் காட்டச் சொன்னார்கள். கணினியின் கையை மட்டும் மூடியபடியே நம்பச் சொல்வது எந்த ஊர் நியாயம்?