ரெண்டு குழி கணக்கு

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்க்கக் குடிநீர் வாரிய ஊழியர் மாதாமாதம் வருவார். காம்பவுண்டு ஓரம் குனிந்து, கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைப் படித்துக் கைக்கருவியில் தட்டுவார். அந்தக் காவிரித் தண்ணீரோ 100 கிலோமீட்டர் தள்ளி டி.கே.ஹள்ளியில் புறப்பட்டு, மூன்று கட்டமாக இறைக்கப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி வருவது. இவ்வளவும் இயந்திரத்தின் வேலை. தண்ணீர் காசாக மாறுகிற இடத்தில் மட்டும் ஒரு மனிதர் குனிய வேண்டியிருக்கிறது.

என் பிழைப்பும் அந்த இடத்தில்தான். ஆலையில் இயந்திரத்தை ஓட்டும் பி.எல்.சி.க்கும், ஆபீசில் கணக்கு வைக்கும் ஈ.ஆர்.பி.க்கும் நடுவே தரகு வேலை. ஒன்று மில்லிசெகண்டில் யோசிக்கும். இன்னொன்றுக்கு ஷிஃப்ட் முடிந்தால்தான் விடியும். ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனி இயந்திரமும் தனித்தனி பாஷை பேசியது. ஒவ்வொன்றுக்கும் தனியாக டிரைவர் எழுதினோம். 1996-ல் ஓ.பி.சி. என்ற பொது நெறி வந்தபிறகு அந்தத் தலைவலி பாதி குறைந்தது. வயர் இழுப்பது இன்று பெரிய வித்தையில்லை.

பீன்யாவில் ஒரு பிளாஸ்டிக் மூடி ஆலை. மோல்டில் 16 குழி. ஒரு ஷாட் அடித்தால் 16 மூடி. ஷாட் எண்ணிக்கையை பி.எல்.சி.யிலிருந்து எடுத்து, 16-ஆல் பெருக்கி, நேராக ஸ்டாக்கில் ஏற்றிவிட்டோம். கையால் எழுதும் ரிப்போர்ட்டை அன்றோடு நிறுத்தினார்கள். முதலாளி கேக் வெட்டினார். (எதற்குத்தான் கேக் வெட்டுவது என்று இந்த ஊரில் ஒரு கணக்கே இல்லை.)

மூன்றாவது வாரம் லாரி வந்து நிற்கிறது, கம்ப்யூட்டர் திரை சொல்லும் மூடி குடோனில் இல்லை. உடனே சந்தேகம் போனது நைட் ஷிஃப்ட் ஆட்கள் மேல். கேட்டில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தர்மபுரிக்காரர் ஒருவர் அங்கே சூப்பர்வைசர், இருபது வருஷ அனுபவம். அவரிடம் போய் நின்றேன்.

“ரெண்டு குழி அடைச்சுத்தான் சார் ஓட்டிக்கிட்டிருக்கோம். ஊசி தேஞ்சு போச்சு, புதுசு இன்னும் வரல. மிஷினுக்கு அது எப்படி சார் தெரியும்?”

ஆயிரம் ஷாட்டுக்கு 2,000 மூடி காற்றில் பிறந்திருக்கிறது. அவருடைய நீல அட்டை நோட்டில் தேதியோடு எழுதியிருந்தார்: ‘2 குழி அடைப்பு, 14-தான்’. எண்ணை வயரில் ஏற்றிய நான், அந்த நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. திருட்டுப் பழி சுமந்தவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக ஞாபகம் இல்லை; நானும் கேட்கவில்லை.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை வைத்தோம். எத்தனை குழி ஓடுகிறது, எந்த ஷாட் வெறும் செட்டிங், இதெல்லாம் சூப்பர்வைசர்தான் தட்ட வேண்டும். ஆக, மறுபடி ஒரு மனிதர் குனிகிறார்.

அடுத்து முதலாளிக்கு இன்னொரு ஆசை: ஆர்டர் குறைந்தால் ஆபீசிலிருந்தே இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கலாமே? நான் மறுத்துவிட்டேன். 2021 மே மாதம் அமெரிக்காவின் காலனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்தில் இணையத் தாக்குதல் நடந்தது ஆபீஸ் கம்ப்யூட்டர்களில்தான். ஆனாலும் நிர்வாகமே பயந்து குழாயை நிறுத்தியது, கிழக்கு மாநிலங்களில் பெட்ரோல் பங்குகள் வறண்டன. தகவல் ஆலையிலிருந்து வெளியே வரட்டும்; ஆபீஸிலிருந்து கட்டளை உள்ளே போக வேண்டாம் என்பது என் கட்சி. அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். திரை ஓடுகிறது. சூப்பர்வைசரின் நீல நோட்டும் இருக்கிறது, புது நோட்டு. நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘மிஷின் கணக்கு’, வலப்பக்கம் ‘என் கணக்கு’ என்று எழுதியிருந்தார்.