பெரியவர் நினைவும் பிள்ளைகள் படிப்பும்

முதுமைக்கு அனுபவம் பலம். இளமைக்கு வேகம் பலம். இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்த இரண்டும் ஒன்று சேராவிட்டால், குடியிருக்கும் வீடே கைநழுவிப் போகக்கூடும் என்ற நிலை மும்பைத் தமிழர்களுக்கு வந்திருக்கிறது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024ஆம் ஆண்டு வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 2011ஆம் ஆண்டு ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் வீடு. அதற்கும் பணம் கட்ட வேண்டும். ஆக, ஒரு தேதியை நிரூபிப்பதில்தான் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது.

அந்தத் தேதி யாருக்குத் தெரியும்? நெல்லைச் சீமையிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து, தோல் பதனிடும் தொட்டியில் நின்று உழைத்த பெரியவருக்குத் தெரியும். 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தது, மின்சார மீட்டர் வந்தது, சந்தில் எந்த வீடு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எல்லாம் அவர் நினைவில் இருக்கிறது.

ஆனால் மராத்திப் படிவத்தை அவரால் வாசிக்க முடியாது. இங்கேயே பிறந்து பள்ளியில் மராத்தி படித்த பேரனுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. பழைய வாக்காளர் பட்டியலைத் தேடி எடுக்கவும், பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் மனு எழுதவும் அவனால் முடியும்.

இன்னொன்றும் உண்டு. 1966க்குப் பின் தென்னிந்தியர் எதிர்ப்புக் கிளம்பிய நாட்களைக் கண்டவர்கள் பெரியவர்கள். அந்த நாட்கள் அவர்களுக்குப் பொறுமையைக் கற்றுக் கொடுத்தன. கூடவே பயத்தையும் கொடுத்தன. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வரும் பழக்கம் அதன் மிச்சம். இளைஞனோ, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பான். கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? "பழைய காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்" என்று பேரன் அலுத்துக்கொள்கிறான். "நேற்றுப் பிறந்த பயலுக்கு என்ன தெரியும்?" என்று தாத்தா பெட்டியைப் பூட்டுகிறார். நஷ்டம் இருவருக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்தப் பெட்டி திறக்கப்படட்டும். பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். காகிதம் செல்லரிக்கும், நினைவும் மங்கும்.