பள்ளிவாசலில் ஒரு பட்டுவாடா

வாலிபர்கள் வேலையின்றித் தவிக்கையில் சர்க்கார் என்ன செய்கிறது என்று எல்லோரும் கேட்கிறோம். வழிபடும் இடங்கள் என்ன செய்கின்றன என்று கேட்பவர் சிலரே. பாகிஸ்தானில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது.

2001-ம் ஆண்டில் டாக்டர் அம்ஜத் சாகிப் லாகூரில் "அகுவத்" என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். சகோதரத்துவம் என்று பொருள். விதவை ஒருவருக்குக் கொடுத்த 10,000 ரூபாய்தான் முதல் கடன். இஸ்லாம் வட்டியை விலக்குகிறது. ஆகவே வட்டி கிடையாது. நகை அடகும் இல்லை, ஜாமீன் போதும். பட்டுவாடா பள்ளிவாசலில் நடக்கிறது. மாதா கோயில்களிலும் நடந்திருக்கிறது; மற்ற மதத்தாரும் கடன் பெறுகிறார்கள். (மதத்தின் பெயரால் நடக்கும் காரியங்களில் இது அபூர்வம்!) இறைவன் சந்நிதியில், ஊரார் முன்னிலையில் வாங்கிய பணத்தை ஏமாற்ற மனம் வருமா? கடன் கட்டி முடித்தவர்களில் பலர் பிறகு நன்கொடையும் கொடுக்கிறார்கள். 2021-ல் சாகிபுக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆயினும் ஒன்று. இந்தத் தொகையில் தையல் இயந்திரம் வாங்கலாம், பெட்டிக்கடை வைக்கலாம். ஒரே தெருவில் பத்துக் கடை வந்தால் பத்துப் பேருக்கும் வியாபாரம் ஏது? பட்டம் பெற்ற வாலிபனுக்குத் தள்ளுவண்டி விடையாகாது. அதற்குத் தொழிற்சாலை வேண்டும். அதைச் சர்க்காரிடம்தான் கேட்க வேண்டும்.