பெடியளை இருக்க விடுங்கோ

9 மணிக்கு வருவதாகச் சொன்ன பிரதம விருந்தினர் 11.15க்கு வந்தார். அதுவரைக்கும் எங்கட 28 பெடியளும் மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். ஓகஸ்ட் மாதத்து வன்னி வெயில். சோளகம் புழுதியை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. பத்தரை மணிபோல அணித் தலைவன் ஒருவன், 13 வயது, திரும்பிப் பார்த்து, "அண்ணா, சின்னப் பெடியளை நிழலில இருத்தட்டோ?" என்று கேட்டான். "கொஞ்சம் பொறு தம்பி, இப்ப வந்திடுவார்" என்று சொன்னோம். பத்து நிமிசத்துக்குள் அவனுடைய அணியில் கடைசியாக நின்ற பெடியன் மயங்கி விழுந்தான்.

பெரிசாக ஒன்றும் ஆகவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே படுக்க வைத்து, முகத்தில் தண்ணி தெளித்து, எழும்பினதும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். மத்தியானம் சோறும் சாப்பிட்டான். விருந்தினர் வந்தார், பொன்னாடை போர்த்தினார்கள், ஒழுக்கத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார், போனார். அவரைத் திட்டுவது சுகம். ஆனால் "பொறு" என்று சொன்னது அவர் இல்லை, நாங்கள். முதலுதவிச் சின்னம் எடுத்த பெடியன் அவன். வெயிலில் கனநேரம் நிற்பவர்களை என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குப் படிப்பித்ததே நாங்கள்தான். படித்ததைச் செய்யட்டோ என்று கேட்டான், வேண்டாம் என்றோம். அவனை அணித் தலைவனாக்கியதும் நாங்கள், தலைவனாக இருக்கவேண்டிய ஒரேயொரு நிமிசத்தில் அதைப் பறித்ததும் நாங்கள்.

சாரணியத்தின் முதல் பாசறையும் ஏறக்குறைய ஒரு கிழமைப் பாசறைதான். 1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்கு பேடன் பவல் 20 பெடியள் அளவில் கூட்டிக்கொண்டு போனார். வசதியான பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்து நான்கு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெடியனே தலைவன், தன் அணிக்கு அவனே பொறுப்பு. பேடன் பவல் ஒன்றும் புனிதர் இல்லை. பேரரசுக்காக ஆபிரிக்காவில் சண்டை பிடித்த இராணுவ அதிகாரி. சாரணியத்துக்கு முன்னோடியாக 1899இல் வந்த அவருடைய புத்தகமே சிப்பாய்மாருக்கான வேவுக் கையேடுதான். ஆனால் அந்த மனுசனே பெடியளுக்கு அணிநடையைக் கூடுதலாகப் பழக்குவதை விரும்பவில்லை. அது பிள்ளையின் தனித்தன்மையை நசுக்கும் என்பது அவருடைய எண்ணம். இராணுவத்திலிருந்து வந்த ஒருவர் இராணுவம் இல்லாத ஒன்றைச் செய்து பார்த்தார் என்றால் அது இந்த அணிமுறைதான்.

1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் தொடங்கி, இந்த நாட்டில் சாரணியத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. இன்றைக்கு எங்கட பாசறைகளில் மிஞ்சியிருப்பது என்ன? வரிசை, விசில், சலூட், கொடிக்கம்பத்தடியில் காத்திருப்பு. அணிமுறை பதிவுப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதுவும் எங்கட ஊர்களில். பாசறை என்ற சொல்லே இங்கே கொஞ்சம் கனமான சொல். சீருடையும் வரிசையும் கண்டால் வேறு ஞாபகம் வருகிற அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களின் வாசலில் போய் நின்று, "இது அப்பிடி இல்லை அம்மா, பெடியள் தாங்களாகச் சமைப்பினம், தாங்களாக முடிவெடுப்பினம்" என்று கதைத்துக் கையெழுத்து வாங்கியவர்கள் நாங்கள். வாங்கிக்கொண்டு வந்து வெயிலில் வரிசையாக நிறுத்தினோம்.

பெடியளுக்கு ஏலாது என்பார்கள். 3ஆம் நாள் நடந்ததைச் சொல்லுகிறோம். அதே அணித் தலைவனின் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. முகாம் முழுக்கக் கரிமணம். டவுனுக்குப் போய்ப் பார்சல் எடுத்து வருவோமா என்று எங்களில் ஒருவர் வெளிக்கிட்டார். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை. (கொள்கை காரணம் என்று எழுத ஆசைதான்.) அவன் மேல்சோற்றை அலுங்காமல் வழித்தெடுத்து, தேங்காய்ச் சம்பலோடு ஆறு பேருக்கும் பங்கிட்டான். அடிக்கரியைச் சுரண்டித் தான் சாப்பிட்டான். பின்னேரம் பார்த்தால் மூன்று அடுப்புக் கல்லையும் தூக்கி வேறு இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறான். கேட்டதற்கு, "சோளகம் நேர வந்து நெருப்பை ஒரு பக்கமாத் தள்ளுது அண்ணா, அதுதான் ஒரு பக்கம் பிடிக்குது" என்றான். எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அது தெரியாது. அடுத்த நாள் மற்ற மூன்று அணிகளும் அவனைப் பார்த்துக் கல்லை மாற்றின. அன்றிரவு வீட்டு ஞாபகத்தில் அழுத பெடியனைக் கூடாரத்தின் நடுவில் படுக்கவிடுவது என்று அணித் தலைவர்களே இருந்து கதைத்து முடிவெடுத்தார்கள். நாங்கள் வீட்டுக்குக் கோல் எடுப்பமோ என்று யோசித்து முடிக்கிறதுக்குள் அவன் நித்திரை.

பாதுகாப்பு என்ற கேள்வி நியாயமானது. கிணத்தடியில் எங்களில் ஒருவர் எப்பவும் நின்றோம், இனியும் நிற்போம். இருட்டினபிறகு டோர்ச் இல்லாமல் ஒருத்தரும் வெளியில் காலடி வைக்கக்கூடாது, பாம்பு. இதெல்லாம் பெடியளின் வாக்கெடுப்புக்கு விடுகிற விசயம் இல்லை. ஆனால் ஒரு கிழமை கோடரி பிடித்தார்கள், நெருப்பு மூட்டினார்கள், கிணத்தில் தண்ணி அள்ளினார்கள், ஒருத்தனுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. விழுந்தது ஒரே ஒரு பிள்ளை. பெரியாக்கள் ஒழுங்குபடுத்திய வரிசையில், பெரியாக்கள் பார்த்துக்கொண்டு நிற்க விழுந்தான்.

இந்த விழாக்கள் யாருக்கு? முகப்புத்தகத்தில் போடுகிற படத்துக்கு. அடுத்த முறை லொறிக்கும் கூடாரத்துக்கும் உதவுவார் என்ற நம்பிக்கைக்கு. அந்த உதவி எங்களுக்குத் தேவை, அதை மறைக்கவில்லை. வாடகைக்கு எடுத்த கூடாரத்தில் இரண்டு கிழிசல். ஆனால் அதற்கு விலையாக 11 வயதுப் பிள்ளையின் கால்களைக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு எங்கிருந்து வந்தது? பெற்றோரும் சும்மா இல்லை. "சேர்ட்டிபிக்கற் எப்ப தருவியள்?" என்று கேட்டவர்கள் பலர். பெடியன் என்ன சமைத்தான் என்று கேட்டவர் ஒருவர்.

வாற ஓகஸ்ட் பாசறைக்கான நிகழ்ச்சி நிரல் கையில் கிடைத்திருக்கிறது. முதல் பக்கம் முழுக்க ஆரம்ப விழா. நாங்கள் பதில் எழுதிவிட்டோம். விருந்தினர் வரட்டும், சந்தோசம். நேரத்துக்கு வந்தாலும் பிந்தி வந்தாலும் பெடியள் தங்கட தங்கட வேலையில் இருப்பார்கள், வரிசை கட்ட மாட்டார்கள். அவர் அடுப்படிக்கு வந்து பார்க்கலாம், மத்தியானம் நின்றால் ஒரு கோப்பை சோறும் உண்டு. மரியாதை தெரியாதவர்கள் என்று ஒரு சேர் போனில் சொன்னார். எழுத்தில் இன்னும் பதில் இல்லை.

அனுப்ப முன்னம் கடிதத்தை அந்த அணித் தலைவனிடம் காட்டினோம். வாசித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "அவர் எத்தினை பேரோட வருவார் அண்ணா? அரிசிக் கணக்குப் பாக்கவேணும்."