அம்மாவுக்கு எதுக்குங்க ஜெர்மன் கிச்சன்?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வெளிநாட்டுல சம்பாதிச்சு ஊர்ல வீடு கட்டற நம்மாளுங்க, அந்த வீட்டுலயே ரொம்பக் கேவலமா காசைக் கரைக்கிற இடம் சமையல்கட்டு. ஹால்ல பண்ற ஆடம்பரத்தைக் கூட மன்னிச்சுடலாம். அதுல யாருக்கும் இடுப்பு உடையாது. சமையல்கட்டுல உடையும். எப்படின்னு கீழ சொல்றேன்.

கேரளா எல்லைப் பக்கம் உள்ள நம்ம தமிழ்க் குடும்பங்களைத்தான் முக்கியமா சொல்றேன். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். தங்கமணிக்கு ஏலப்பாறை. ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க வீடு கட்டியாச்சு, கட்டிக்கிட்டிருக்காங்க, கட்டப் போறாங்க. எல்லார் வீட்டுலயும் ஒரே பல்லவி: "ஜெர்மன் மாடுலர் கிச்சன் போடறோம்."

இதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு தகுதி இருக்கு. நான் குப்பை கொட்டறதே ஜெர்மனியிலதான், அதுவும் பிராங்க்பர்ட்ல. இந்த ஊர்ல வாடகைக்கு வீடு எடுத்தா பெரும்பாலும் சமையல்கட்டு இருக்காது. ரூம் இருக்கும், சுவர்ல தண்ணிக் குழாய் ஒண்ணு துருத்திக்கிட்டிருக்கும், அவ்ளோதான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நாமதான் வாங்கி மாட்டணும். வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போகணும், இல்லைன்னா அடுத்து வர்றவன்கிட்ட பேரம் பேசி வித்துட்டுப் போகணும். அதனாலதான் இங்க அது பெட்டி பெட்டியா, கழட்டி மாட்டற மாதிரி இருக்கு. பெட்டியெல்லாம் பெரும்பாலும் மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பார்ட்டிகிள் போர்டு, மேல மெலமைன் தாள். குளிர்காலம் பூரா ஹீட்டர் ஓடற காய்ஞ்ச வீடு, தண்ணி தெறிக்காத சமையல். இங்க அது தாங்கும். நானும் அதைத்தான் மாட்டியிருக்கேன், நல்லாத்தான் இருக்கு.

நம்மூர்ல யாராவது வீடு மாறும்போது சமையல்கட்டைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போறாங்களா? அப்புறம் எதுக்குங்க அந்தப் பெட்டி?

இன்னொரு வேடிக்கை சொல்றேன். 'ஜெர்மன் கிச்சன்'னு பெருமையா சொல்றாங்களே, அதோட மூலம் என்ன தெரியுமா? 1926-ல, இதே பிராங்க்பர்ட்ல, மார்கரெட்டே லிஹோட்ஸ்கின்னு ஒரு பெண் கட்டடக் கலைஞர் வரைஞ்ச சமையல்கட்டு. எர்ன்ஸ்ட் மே தலைமையில நகராட்சி சாதாரண ஜனங்களுக்குக் கட்டின குடியிருப்புகளுக்காக வரைஞ்சது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். மொத்தமே 70 சதுர அடி! ஏறக்குறைய 10,000 வீடுகள்ல அதைப் போட்டாங்க. ரயில்ல இருக்கற சமையல் பெட்டியைப் பாத்து, சமைக்கிறவ எத்தனை அடி நடக்கறா, எங்க குனியறான்னு கணக்குப் போட்டு வரைஞ்சது. உக்காந்து காய் நறுக்க ஒரு ஸ்டூல், வெளிச்சத்துக்கு ஜன்னலோரமா பலகை. மாவுல புழு வைக்கக் கூடாதுன்னு ஓக் மரத்துல மாவு டப்பா, மத்த சாமானுக்கு பேர் எழுதின அலுமினிய டப்பாங்க. ஈ அண்டாதுன்னு நம்பி நீலப் பச்சையில பெயிண்ட். ரோமர்ஸ்டாட்ல 'எர்ன்ஸ்ட் மே ஹவுஸ்'னு ஒரு வீட்டுல அதை அப்படியே வச்சிருக்காங்க. போய்ப் பாத்துட்டு வந்தேன்.

அதாவது சாமி, ஒரிஜினல் ஜெர்மன் கிச்சன்ங்கறது குறைஞ்ச செலவுல, சமைக்கிறவளோட உடம்பை மனசுல வச்சுக் கட்டினது. நம்மூர்ல அந்தப் பேர்ல விக்கிறது ரெண்டுக்கும் நேர் எதிர்.

இப்ப நம்மூர் நிலவரத்தைப் பாருங்க. கேரளத்துல புதுசா கட்டற வீடுகள்ல ஒரு சமையல்கட்டு போதாது. முன்னால பளபளன்னு ஒண்ணு. அதுக்குப் பின்னால ஷீட் போட்டு 'ஒர்க் ஏரியா'ன்னு ஒண்ணு. முன்னால இருக்கறதுல பால் காய்ச்சற அன்னிக்கு பால் பொங்கும், வீடியோ கால்ல நமக்குக் காட்டுவாங்க. அதோட சரி. அம்மா சமைக்கிறது, மீன் கழுவறது, மாவாட்டறது, எண்ணெய்ப் பலகாரம் சுடறது எல்லாம் பின்னாடி ஷீட்டுக்குக் கீழ, ஏப்ரல் வெயில்ல. 2016 ஏப்ரல்ல பாலக்காட்டுல 41 டிகிரியைத் தாண்டிச்சு, ஞாபகம் இருக்கா? நாலு லட்சம் போட்ட கிச்சன் உள்ள சும்மா இருக்கு, அதைப் போட்ட புள்ளையோட தாய் வெளிய வேகறா. இதுக்குப் பேர் வசதியாம்!

இன்னொரு கூத்து, ரெண்டு ஊருக்கும் ஒரே கேட்லாக். கொழிஞ்சாம்பாறை காய்ஞ்ச பூமி. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, கரையான், உப்புத் தண்ணி போர். ஏலப்பாறையில மாசக்கணக்குல மழை, மூடுபனி. அலமாரிய மூடி வச்சா பத்து நாள்ல பூஞ்சை. ரெண்டுக்கும் அதே பெட்டி, அதே பசை, அதே கீல். ஒரு வகையில நியாயம்தான், ஓரிடத்துல கரையான் தின்னும், இன்னோரிடத்துல ஈரம் தின்னும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல கல்பாத்திப் புழை ஓரத்துலயும் பெரியாத்துக் கரையிலயும் வீடுகளுக்குள்ள தண்ணி ஏறிச்சே, மரத்தூள் பலகை ஒரு தடவை ஊறினா அவ்ளோதான். ஊதிப் போனது மறுபடி இறங்காது. கிரானைட்டைக் கழுவி விட்டா வேலை முடிஞ்சுது.

சரி, திட்டறது சுலபம், நீ என்ன கிழிச்சேன்னு கேப்பீங்க. 2022-ல எங்க வீட்டுக்கும், 2024-ல மாமியார் வீட்டுக்கும் சமையல்கட்டு போட்டோம். எங்க வீட்டுக்கு மாடுலர் கொட்டேஷன் நாலே முக்கால் லட்சம். நாங்க முடிச்சது ஒண்ணே முக்காலுக்கு, சிங்க், டைல்ஸ், வயரிங் உட்பட. ஏலப்பாறையில வண்டிக்கூலி கூட, ரெண்டைத் தாண்டிச்சு. செஞ்சதை வரிசையா சொல்றேன்.

மேடை: கறுப்பு கிரானைட். கடப்பாக்கல் மலிவுதான், ஆனா அது சுண்ணாம்புக்கல் ஜாதி. புளியும் எலுமிச்சையும் பட்டா கறை புடிச்சு மங்கிடும். அதைக் கீழ தட்டுக்குப் போடுங்க. குவார்ட்ஸ்னு ஒண்ணு விக்கிறாங்க, கல்தூளோட பிசின் சேத்துச் செஞ்சது. அடுப்புல இருந்து இறக்கின குக்கரை அப்படியே வச்சா தழும்பு விழ வாய்ப்பு இருக்கு. நம்ம அம்மாக்கள் இறக்கி வைக்கிறதுக்கு முன்னாடி மேட் தேடுவாங்களா, சொல்லுங்க?

அலமாரி: ஃபெர்ரோசிமென்ட். கம்பி வலை வச்சு, சிமென்ட் கலவை பூசி, ஒரு இஞ்ச் கனத்துல செய்யற பலகை. 1848-ல பிரான்ஸ்ல லாம்போன்னு ஒருத்தர் இதுல படகே கட்டினார்னா பாத்துக்கங்க. கரையான் தின்னாது, தண்ணிக்கு ஊதாது. குறையும் இருக்கு. கனம் ஜாஸ்தி. நல்லா தண்ணி விட்டு ஆற விட்டதான்னு கேட்டுட்டு வாங்கணும். பழைய மண்சுவர் வீட்டுல சுவர்ல தொங்க விடவே கூடாது, கீழ மட்டும் போடுங்க. கதவுக்கு அலுமினியச் சட்டம். ஏலப்பாறையில காத்து போற மாதிரி சாய்வு இடுக்கு வச்ச கதவு போட்டு, வெளிச்சுவரை ஒட்டாம பின்னாடி கொஞ்சம் இடைவெளி விட்டோம். பூஞ்சை தொல்லை அதோட குறைஞ்சுது.

பிளைவுட்தான் வேணும்னு அடம் புடிச்சா: பலகையில ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க. அதுதான் மரைன் ரகம், 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டு சோதிக்கிறது. 303-ல எம்.ஆர். ரகம்னு இருந்தா அது ஹால் அலமாரிக்கு, சிங்க்குக்குக் கீழ வேண்டாம். முத்திரை கூட உள்ள லைசென்ஸ் நம்பரை பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டா உண்மையா பொய்யான்னு சொல்லிடும். பி.வி.சி. பலகை (ஊர்ல மல்டிவுட்ம்பாங்க) தண்ணிக்கு நல்லது, சூட்டுக்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்துல வச்சா வளைஞ்சுடும்.

சிங்க்: 304 ஸ்டீல். கடையில காந்தத்தை வச்சுக் காட்டி "ஒட்டலை பாருங்க சார், 304"ம்பாங்க. நம்பாதீங்க. மட்டமான 202-லயும் காந்தம் ஒட்டாது. பில்லுல 304-னு எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்கினா அடுத்த கடை.

சிலிண்டர்: எல்.பி.ஜி. காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட தேங்கும். அதை அழகா அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டறீங்களே, அடியில ஓட்டை விட்டிருக்கீங்களா?

எக்ஸாஸ்ட்: பாலக்காட்டுப் பக்கம் மார்கழி, தையில கிழக்குக் காத்து. ஆனி, ஆடியில மேக்குக் காத்து. ரெண்டுமே சாதாரணக் காத்து இல்லை. ஃபேனை கிழக்கையோ மேக்கையோ பாத்து வச்சா ஆறு மாசம் புகை திரும்பி வரும். வடக்கோ தெக்கோ பாத்து வைங்க. இதை எந்த கேட்லாக்கும் சொல்லாது, ஊர்க் கொத்தனார் சொல்லுவார்.

இப்ப முக்கியமான விஷயம், உயரம். எங்க அம்மா நாலடி பதினோரு இஞ்ச். நின்னு கையை மடக்கினா முழங்கை தரையில இருந்து 37 இஞ்ச். கம்பெனி மேடை 34 இஞ்ச், அது மேல நம்மூர் அடுப்பு ஒரு 5 இஞ்ச், ஆச்சு 39. அதுக்கும் மேல குழம்புச் சட்டி. தோளைத் தூக்கித் தூக்கித்தான் கிண்டணும். ஐரோப்பாக்காரனுக்கு அடுப்பு மேடைக்குள்ள புதைஞ்சிருக்கு, ஆளும் உயரம். அவன் அளவை நம்ம தாய்மாருக்குப் போட்டா? எங்க வீட்டுல நறுக்கற இடம் 32, அடுப்பு வைக்கிற இடம் 28. பாக்க படிக்கட்டு மாதிரி இருக்காம், ஒரு சித்தப்பா சிரிச்சார். சிரிக்கட்டும், சமைக்கிறது அவர் இல்லை.

அடுத்தது தலைக்கு மேல அலமாரி. எங்க பெரியம்மா ஓணத்துக்குப் பெரிய உருளி எடுக்க ஸ்டூல் போட்டு ஏறி விழுந்தாங்க. இடுப்பு எலும்பு. ஆபரேஷன், எட்டு மாசம் படுக்கை. புள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. அந்த அலமாரிய ஏழடி உயரத்துல வச்சவனைக் கேட்டா 'ஸ்டோரேஜ்'ம்பான். அறுபது வயசுக்கு மேல தனியா இருக்கற வீட்டுல, அவங்க கை எட்டற உயரத்துக்கு மேல தினப்படி சாமான் எதுவும் இருக்கக் கூடாது. இதுல பேரமே கிடையாது.

புதுமை வேணும்னா எங்க போகணும் தெரியுமா? முண்டூர். பாலக்காட்டுல இருந்து கூப்பிடு தூரம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தோட ஐ.ஆர்.டி.சி. அங்கதான் இருக்கு. புகையைக் குழாய் வழியா வெளிய அனுப்பி விறகை மிச்சம் பண்ற பரிஷத் அடுப்பும், கொதி வந்த அரிசிப் பானையை உள்ள வச்சு மூடினா சூட்டுலயே வேக வைக்கிற சூடாறாப்பெட்டியும் பரிஷத்காரங்க பரப்பினதுதான். மட்டை அரிசி வேக எவ்ளோ நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். கேஸ் எவ்ளோ மிச்சம், கணக்குப் போட்டுக்கங்க. ஏலப்பாறைக்குப் பக்கத்துல வாகமண்ல 1960கள்ல டாக்டர் மனைவியோட குடியிருந்தவர் லாரி பேக்கர். கையில இருக்கற கல்லையும் செங்கல்லையும் வச்சே அலமாரி, திண்ணை எல்லாம் சுவரோட சேத்துக் கட்டினவர். இவங்க எல்லாம் நம்ம வாசல்ல இருந்தவங்க. நாம ஜெர்மனியைத் தேடறோம்.

இனி வழக்கமா வர்ற எதிர்க்கேள்விகள்.

"லீவுல வரும்போது என் பொண்டாட்டி அங்க சமைக்கணும்ல?" வருஷத்துக்கு இருபது நாள். மிச்ச 345 நாள் சமைக்கிறது யாரு?

"நாளைக்கு வீட்டை வித்தா நல்ல விலை போகும்." பத்து வருஷத்துல ஊதிப் போன பெட்டிக்கு எவன் விலை கொடுப்பான்?

"அம்மாவே அழகா வேணும்னு கேக்கறாங்க." இதை மட்டும் நான் லேசா தள்ள மாட்டேன். நாப்பது வருஷம் புகையில நின்னவங்களுக்கு ஆசை இருக்கும், இருக்கணும். மாமியாருக்கு மஞ்சள் கலர் கதவு வேணும்னாங்க, போட்டோம். பெரிய ஜன்னல் கேட்டாங்க, வச்சோம். கேக்கறதுல அழகு எது, பக்கத்து வீட்டுக்காரி வாயை அடைக்கிறது எதுன்னு உக்காந்து பேசினா அவங்களே பிரிச்சுச் சொல்லுவாங்க. பேசத்தான் நமக்கு நேரமில்லை. பணம் அனுப்பினா கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம்.

அதனால அடுத்த கால்ல கொட்டேஷன் அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அம்மாவை நிக்க வச்சு, கையை மடக்கச் சொல்லி, முழங்கை உயரத்தை டேப் வச்சு அளந்து சொல்லச் சொல்லுங்க. அந்த நம்பரைக் கேக்காம எவன் விலை சொன்னாலும், அவன் கிச்சன் விக்கலை, போட்டோ விக்கிறான்.

பி.கு: ஒரே சமையல்கட்டு, நல்ல ஜன்னல், பின்பக்கம் ஒரு தண்ணித் தொட்டி. இது போதாதுன்னு யாராவது சொன்னா, அவங்க வீட்டுல தினம் சமைக்கிறது யாருன்னு முதல்ல கேளுங்க.